லினக்ஸில் கொன்ட்ரோல் பனல் எங்கே?

விசுவமடுப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணனி படிப்பிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜேர்மனியிலும் பிரான்சிலும் இருக்கும் ஊர்க்காரர் சேர்த்து அனுப்பிய பழைய கணனிகள் ஆறும் ஒரு பிறின்டரும் வந்திறங்கியிருக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இந்த இயந்திரங்களில் இல்லை. அதனால் ஆறிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறார். அவர் கேட்பது இதுதான்: "விண்டோஸில கொன்ட்ரோல் பனலைத் திறந்தா எல்லாம் அங்க இருக்கும். இதில ஒவ்வொண்டும் ஒவ்வொரு இடத்தில கிடக்குது. எல்லாத்தையும் ஒரே இடத்தில வச்சு மாத்த ஏதும் இருக்கா அண்ணை? இல்லாட்டி டெர்மினல் படிச்சுத்தான் ஆகோணுமா?"

தம்பி, எல்லாம் அடங்கிய ஒரே கொன்ட்ரோல் பனல் மின்டில் இல்லை. இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸ்களில் இல்லை. கட்டளைகளை எழுத்தில் அடித்துக் கொடுக்கும் டெர்மினலைப் படித்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரேயொரு பழக்கம்: எதையாவது மாற்றப் போகும்போது, "இது கணனிக்கு முன்னால் இருக்கும் ஆளுக்குரிய அமைப்பா, அல்லது இயந்திரத்துக்குரிய அமைப்பா?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை தெரிந்தால், எந்தக் கருவியைத் திறப்பது என்பதில் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உங்கள் கணனிகளிலேயே இதைக் காட்டலாம். ஜேர்மன் விசைப்பலகையில் 'வை' இருக்கவேண்டிய இடத்தில் 'இசட்' இருக்கும், 'இசட்' இடத்தில் 'வை' இருக்கும். பிரெஞ்சு விசைப்பலகையில் 'ஏ'யும் 'கியூ'வும் இடம் மாறியிருக்கும், மேல்வரிசையில் இலக்கம் அடிப்பதற்கே ஷிஃப்டை அமத்தவேண்டும். மின்ட் போடும்போது பழக்கத்தில் அமெரிக்க ஆங்கிலம் என்று தெரிவுசெய்திருப்பீர்கள். பிறகு உள்ளே போய், சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதியைத் திறந்து, ஜேர்மன் அமைப்பைச் சேர்த்து, அமெரிக்க அமைப்பை நீக்கியிருப்பீர்கள். எழுதுவதெல்லாம் சரியாக வரும். அந்த நிலையில் புதிய கடவுச்சொல் ஒன்று வைக்கிறீர்கள், அதில் ஒரு 'இசட்' இருக்கிறது. அடுத்த நாள் கணனியைப் போட்டால் அதே விசைகளை அமத்தியும் கடவுச்சொல் பிழை என்று சொல்லும். கடவுச்சொல் மறந்துபோச்சு என்று முடிவெடுத்து முழுக்க அழித்துத் திரும்பப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

நடந்தது வேறு. நீங்கள் மாற்றியது உங்கள் பயனர் கணக்குக்குரிய விசைப்பலகை. அது உங்கள் வீட்டு அடைவுக்குள், அதாவது உங்கள் கணக்குக்கென்று இருக்கும் கோப்புறைக்குள், எழுதப்பட்டது. நுழைவுத் திரை வரும்போது அங்கே இன்னும் ஆளே இல்லை. அது இயந்திரத்துக்குரிய அமைப்பைத்தான் வாசிக்கும், அங்கே இன்னும் அமெரிக்க விசைப்பலகைதான் கிடக்கிறது. அப்போதைக்கு, மின்டின் நுழைவுத் திரை மூலையில் விசைப்பலகையைக் காட்டும் சின்ன அடையாளத்தைப் பாருங்கள். ஜேர்மன் அமைப்பு பட்டியலில் இருந்தால் அங்கேயே மாற்றலாம், இல்லாவிட்டால் 'வை' விசையை அமத்தினால் 'இசட்' விழும். நிரந்தரமாகத் தீர்ப்பதற்கு, டெபியன் வழிவந்த உபுண்டு, மின்ட் போன்றவற்றில் 'கீபோர்ட் கொன்ஃபிகரேஷன்' என்ற பொதியை (மென்பொருள் தொகுப்பை) மறுபடி அமைக்கும்படி டெர்மினலில் ஒரு வரி கொடுக்கவேண்டும். கொடுத்ததும் மெனு ஒன்று வரும், அம்பு விசைகளால் நாட்டைத் தெரிவுசெய்தால் சரி. ஆறு கணனியிலும் இதை ஒருதரம் செய்துவிட்டு, எந்தக் கணனிக்கு எந்த நாட்டு விசைப்பலகை என்று ஒட்டி வைத்துவிடுங்கள்.

தமிழ் விசைப்பலகையும் இதே கணக்குத்தான், ஆனால் இரண்டு பக்கமும் கால் வைக்கும். தமிழ்99 பழகியவர்களுக்கு விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைத் தமிழ், தமிழ்நெட் 99 என்று நேரடியாக இருக்கிறது. ரெங்கநாதன் என்ற விசைப்பலகை முறையில் அடித்துப் பழகிய ஆசிரியர்களுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் எம்17என் தொகுப்பும் வேண்டும், அந்த முறை அதற்குள் இருக்கிறது. பொதியை நிறுவுவது இயந்திரத்துக்குரிய வேலை. ஒருதரம் செய்தால் எல்லாருக்கும் போதும். அதைப் பட்டியலில் சேர்ப்பது ஆளுக்குரிய வேலை, ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியே செய்யவேண்டும். "ஒரு கணக்கில வருது, மற்றதில வருதில்லை" என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

எது யாருக்குரியது என்று அறிய ஒரு சுலபமான அடையாளம் உண்டு. மாற்றும்போது கடவுச்சொல் கேட்டுச் சின்ன யன்னல் ஒன்று வந்தால், நீங்கள் தொடுவது இயந்திரத்தின் அமைப்பு. கேட்காமல் மாறிவிட்டால் பெரும்பாலும் உங்களுடையது. அந்த யன்னலைக் கொண்டுவருவது பொல்கிட் என்ற பகுதி. பின்னணிப் படம், எழுத்தின் அளவு, திரை ஓரத்துப் பனல் பட்டை எங்கே நிற்பது, மவுஸின் வேகம் எல்லாம் ஆளுக்குரியவை. மென்பொருள் நிறுவுதல், பயனர்களைச் சேர்த்தல், டிரைவர், திகதியும் நேரமும், நெருப்புச்சுவர் எல்லாம் இயந்திரத்துக்குரியவை. வைஃபை மட்டும் இந்த அடையாளத்துக்குள் சரியாக அடங்காது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் தேடுகிற மாதிரியான ஒற்றைக் கொன்ட்ரோல் பனல் லினக்ஸில் ஒருகாலத்தில் இருந்தது, நல்ல தரமாகவே இருந்தது. ஜேர்மனியின் சூசே லினக்ஸில் 1990களின் நடுப்பகுதியில் இருந்தே யாஸ்ட் என்ற கருவி இருந்தது. வட்டுப் பிரிப்பு, வலையமைப்பு, பிறின்டர், பயனர்கள், சேவைகள் எல்லாம் அதற்குள். வரைகலைத் திரை வராத இயந்திரத்திலும் எழுத்துத் திரையில் அதே மெனுக்களோடு ஓடும். பிரான்சின் மான்ட்ரேக் லினக்ஸிலும் அப்படியொரு கட்டுப்பாட்டு மையம் இருந்தது. ரெட் ஹற் நிறுவனம் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாகச் 'சிஸ்டம் கொன்ஃபிக்' என்று தொடங்கும் கருவிகளை வைத்திருந்தது.

அந்தக் காலக் கருவிகளுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. இயந்திரத்தின் அமைப்புகள் இருக்கும் ஈ.டி.சி. அடைவில் கிடக்கும் எழுத்துக் கோப்புகளை அவை தாங்களே திருத்தி எழுதின. நீங்கள் கையால் ஒன்றைத் திருத்தி, கருவியும் அதே கோப்பைத் திருத்தினால், யார் எழுதியது நிற்பது என்று ஒரு இழுபறி. ஒவ்வொரு லினக்ஸிலும் கோப்புகள் கிடக்கும் இடமும் வேறு, அதனால் ஒருவர் செய்த கருவி மற்றவருக்கு உதவாது.

பிறகு நிலைமை மாறியது. 2004இல் ரெட் ஹற், வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மனேஜரைத் தொடங்கியது. 2010இல், கணனியின் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி வந்தது, அதோடு நேரம், கணனியின் பெயர், மொழி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் சின்னச் சின்னச் சேவைகளும் வந்தன. இவை பின்னணியில் ஓடும். கேட்கும் டெஸ்க்டொப் (திரையில் நாம் காணும் சூழல்) குனோமா, கேடிஇயா, சினமனா என்று பார்க்காது. ஒரே கேள்விக்கு ஒரே பதில். அதனால் ஒவ்வொரு டெஸ்க்டொப்பும் தன் செட்டிங்ஸ் யன்னலைத் தானே செய்துகொண்டது, நடுவில் பெரிய மையம் ஒன்று வேண்டும் என்ற தேவை குறைந்தது. 2025 ஒக்டோபரில் வந்த ஓப்பன்சூசே லீப் 16 யாஸ்டையே கைவிட்டுவிட்டது. எனக்கு அது கவலைதான். பழகியவர்களுக்கு யாஸ்ட் மாதிரி ஒரு கருவி கிடைப்பது கஷ்டம். ஆனாலும் மாற்றம் நியாயமானது. இப்போது நீங்கள் மவுஸால் மாற்றினாலும் டெர்மினலில் மாற்றினாலும் போய்ச் சேர்வது ஒரே இடத்துக்கு. ஒன்றின் மேல் ஒன்று எழுதி அடிபடுவதில்லை. விண்டோஸிலும் 2012இன் விண்டோஸ் 8க்குப் பிறகு கொன்ட்ரோல் பனல் ஒன்று, செட்டிங்ஸ் ஒன்று என்று இரண்டு இடம்தானே இருக்கிறது.

இனி உங்கள் நிலையத்துக்கு வருவோம். இணையத்துக்கு ஒரேயொரு 4ஜி டொங்கிள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆறு கணனிக்கும் அதைப் பகிரலாம், பழைய வலையமைப்புச் சுவிட்ச் ஒன்றும் வயர்களும் இருந்தால் போதும். டொங்கிளை முதலாவது கணனியில் போடுங்கள். வலையமைப்பு அடையாளத்தில் வலது சொடுக்கி 'எடிட் கனெக்‌ஷன்ஸ்' திறந்து, மொபைல் புரோட்பான்ட் சேர்த்தால் ஒரு வழிகாட்டி வரும். நாடு இலங்கை என்று கொடுத்தால் எங்கள் தொலைபேசிச் சேவைகள் பட்டியலாக வரும். சில டொங்கிள்கள் தங்களை மோடமாகக் காட்டாமல் வயர் இணைப்பாகக் காட்டும். அப்படியானால் வழிகாட்டி தேவையில்லை, போட்டவுடனேயே இணையம் வரும். அடுத்தது முக்கியமான படி. அதே கணனியில், சுவிட்சுக்குப் போகும் வயர் இணைப்பைத் திறந்து, ஐ.பி.வி.4 பகுதியில் 'மெதட்' என்ற இடத்தில் 'ஷேர்ட் டு அதர் கொம்பியூட்டர்ஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். நெட்வொர்க் மனேஜர் தானே மற்றக் கணனிகளுக்கு 10.42.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும். மற்ற ஐந்திலும் ஒன்றையும் தொடவேண்டாம், தானாக எடுத்துக்கொள்ளும். முதலாவது கணனியில் நெருப்புச்சுவரைப் போட்டிருந்தால் மட்டும் அந்த முகவரிக் கோரிக்கை தடைப்படலாம், அப்போது அதைக் கவனியுங்கள்.

அதே யன்னலின் முதற்பகுதியில் 'எல்லாப் பயனரும் இந்த இணைப்பைப் பாவிக்கலாம்' என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நான் முதலில் சொன்ன கேள்வி இந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது. அது சரி போட்டிருந்தால் இணைப்பு இயந்திரத்துக்குரியது. கணனியைப் போட்டதும், ஒருவரும் உள்நுழைய முதலே இணைந்துவிடும். சரி போடாவிட்டால் அது உங்களுக்கு மட்டும் உரியது, வைஃபை என்றால் கடவுச்சொல்லும் உங்கள் கணக்கின் கடவுச்சொற்களைச் சேமிக்கும் திறப்புப் பெட்டகத்துக்குள் போய்விடும். நீங்கள் வராத நாளில் வேறு ஆள் உள்நுழைந்தால் இணையம் வராது. பொது இடத்துக் கணனியில் இந்தப் பெட்டி கட்டாயம் சரி போட்டிருக்கவேண்டும்.

டேட்டாவும் கவனிக்கவேண்டிய விசயம். அதே யன்னலில் 'மீட்டர்ட்' என்ற தெரிவை 'யெஸ்' என்று வையுங்கள், டேட்டாவுக்குக் காசு போகிறது என்பதை அது மென்பொருள்களுக்குத் தெரிவிக்கும். ஆனால் எல்லா மென்பொருளும் அதற்கு மதிப்புக் கொடுக்காது. அதனால் அப்டேட் மனேஜரின் விருப்பங்களில், பட்டியலைத் தானாகப் புதுப்பிப்பதை ஐந்து கணனிகளில் நிறுத்தி, கிழமைக்கு ஒருதரம் நீங்களே இருந்து செய்யுங்கள். 'சொஃப்ட்வெயர் சோர்சஸ்' பகுதியில் பதிவிறக்கும் வழங்கியையும் மாற்றலாம். வேகத்தைச் சோதித்து அதுவே வரிசைப்படுத்திக் காட்டும்.

பிறின்டருக்கு உரிய கருவி, நான் மேலே சொன்ன ரெட் ஹற் கருவிகளில் மிஞ்சியிருக்கும் ஒன்று. மின்டில் 'பிறின்டர்ஸ்' என்று வருவது அதுதான். அதற்குப் பின்னால் வேலை செய்வது கப்ஸ் என்ற அச்சுச் சேவை. உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடித்து 631ஆவது வாசலை (போர்ட் இலக்கத்தை) கொடுத்தால் கப்ஸின் சொந்தப் பக்கமே திறக்கும், வரிசையில் சிக்கி நிற்கும் வேலைகளை அங்கே பார்த்து அழிக்கலாம். பிந்திய காலத்துப் பிறின்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே வேண்டாம், இணைத்ததும் தானாக வரும். எச்.பி. என்றால் எச்.பிலிப் தொகுப்பைப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் கந்தோர்களிலும் அதிகம் காணும் கேனன் எல்.பி.பி. 2900 வேறு கதை. அது கப்ட் என்ற தனி முறையில் பேசும், அதற்கு உற்பத்தியாளரின் டிரைவரைத் தனியாக எடுத்து நிறுவவேண்டும், எந்த வரைகலைக் கருவியும் அதைத் தானாகக் கண்டுபிடித்துத் தராது. உங்களுக்கு வந்தது என்ன மொடல் என்று எழுதவில்லை. அதை எழுதினால் சரியான வழியைச் சொல்லலாம்.

பிள்ளைகள் செட்டிங்ஸைக் குழப்புவதை நினைத்துப் பயப்படவேண்டாம். மின்டில் 'லொகின் விண்டோ' என்ற கருவியைத் திறந்து, பயனர்கள் பகுதியில் விருந்தினர் நுழைவை அனுமதியுங்கள். விருந்தினராக உள்நுழைந்து என்னத்தை மாற்றினாலும் வெளியேறும்போது எல்லாம் அழிந்துவிடும். அதனால் பாடவேலையைப் பென்டிரைவில் சேமிக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொடர்ந்து வரும் பெரிய பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்குக் கொடுங்கள். பனலைக் காணோம், எழுத்து பெரிதாய்ப் போச்சு என்று ஒரு பிள்ளை வந்தால், அந்தக் கணக்கின் அமைப்புகளில் பெரும்பகுதி வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் டிகொன்ஃப் என்ற அடைவில் 'யூசர்' என்ற ஒரே கோப்பில்தான் இருக்கும். அந்தக் கணக்கில் இருந்து வெளியேறி, நிர்வாகக் கணக்கில் இருந்து அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். அடுத்த நுழைவில் அநேகமாக எல்லாம் புதிதாய்ப் போட்ட மாதிரி வரும். மற்றக் கணக்குகளில் ஒரு தூசிகூட அசையாது.

இயந்திரத்தின் அமைப்பைத் தொட முதல் டைம்ஷிஃப்ட்டில் ஒரு பிரதி எடுங்கள். மின்டோடு சேர்ந்தே வரும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. டிரைவர் மாற்றித் திரை கறுப்பாகிவிட்டால், நேற்றைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவர அதுதான் வழி. ஆனால் அது காப்பது கணனியின் முறைமையை மட்டும்தான். வழமையான அமைப்பில் வீட்டு அடைவுகளைத் தொடாது, ஆகவே பிள்ளைகளின் கோப்புகளுக்கு வேறு பிரதி வேண்டும். சாதாரண பென்டிரைவின் வடிவத்திலும் அது எழுதாது, லினக்ஸ் வடிவத்தில் பிரித்த வட்டு வேண்டும்.

தொடாமல் இருப்பதே நல்லது என்று நான் சொல்லும் கருவிகளும் உண்டு. கிரப் கஸ்டமைசர் கணனி தொடங்கும் மெனுவை அழகாக்கித் தரும், ஆனால் அதற்காகக் கிரப்பின் எழுத்து நிரல்களையே மாற்றி அடுக்கிவிடும். கருவியை நீக்கினாலும் மாற்றம் நிற்கும். தொடங்காத கணனியை எழுப்புவது அனுபவம் உள்ளவருக்கே பாடு. 'ஒரே சொடுக்கில் சுத்தம் செய்யும்' என்று விளம்பரப்படுத்தும் கருவிகளும் வேண்டாம். நல்ல வரைகலைக் கருவி, தான் எதை மாற்றியது என்பதை நீங்கள் வேறு வழியிலும் போய்ப் பார்க்க விடும். தான் செய்ததை மூடிவைக்கும் கருவியை நான் நம்புவதில்லை.

டெர்மினல் பற்றிக் கேட்டீர்கள். மவுஸால் செய்தால் மதிப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். எங்கோ இருந்து எடுத்த கட்டளையை, என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒட்டி, நிர்வாகக் கடவுச்சொல்லையும் கொடுப்பதுதான் ஆபத்து. அதைவிட, பெயர் போட்ட பொத்தான் ஒன்றை வாசித்துப் பார்த்து அமத்துவது எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் விசைப்பலகை விசயத்தில் பார்த்ததுபோல், சில இடங்களில் பொத்தானே இருக்காது. அந்த இடத்துக்குத் தேவையான வரியை மட்டும் விளங்கிப் படியுங்கள். கணனி எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டும் 'லொக்ஸ்' என்ற கருவியும் மின்டில் இருக்கிறது. ஒன்று வேலை செய்யாதபோது அதைத் திறந்து கடைசி நிமிடத்தில் வந்த வரிகளை வாசிக்கப் பழகுங்கள். உதவி கேட்கும்போது அந்த வரிகளையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது லேசு.

வேறு லினக்ஸுக்கு மாறத் தேவையில்லை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. ரெம் 2 ஜி.பி. மட்டும் உள்ள கணனியில் சினமனுக்குப் பதில் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போடுங்கள், 4 ஜி.பி. இருந்தால் சினமன் ஓடும். ஒரே கூரைக்குள் எல்லாம் வேண்டும் என்ற ஆசை விடவில்லை என்றால், மான்ட்ரேக்கின் வழிவந்த மஜியாவை ஒரு கணனியில் போட்டுப் பாருங்கள். அந்தப் பழைய கட்டுப்பாட்டு மையம் அதில் இன்னும் இருக்கிறது, இயந்திரத்துக்குரிய விசைப்பலகையையும் அதற்குள்ளேயே மாற்றலாம். எம்.எக்ஸ். லினக்ஸின் எம்.எக்ஸ். டூல்ஸும் பழைய இயந்திரங்களுக்கு நல்லது.

ஆறு கணனியையும் ஒரே கதிரையில் இருந்து பார்க்கவேண்டும் என்றால் கொக்பிட் என்ற கருவியை ஒவ்வொன்றிலும் நிறுவுங்கள். யாஸ்ட் போன இடத்துக்கு ஓப்பன்சூசே கொண்டுவந்ததும் இதைத்தான். உங்கள் கணனியின் உலாவியில் மற்றக் கணனியின் முகவரியையும் 9090 என்ற வாசல் இலக்கத்தையும் கொடுத்தால், அந்தக் கணனியின் வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, எந்தச் சேவை விழுந்து கிடக்கிறது, எந்த அப்டேட் காத்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். உலாவி முதலில் சான்றிதழ் எச்சரிக்கை ஒன்று காட்டும். கணனி தன் சான்றிதழில் தானே கையொப்பம் இட்டிருப்பதால் வருவது அது, உங்கள் சொந்த வலையமைப்புக்குள் என்றால் ஏற்றுக்கொண்டு போகலாம். உள்நுழைவது அந்தக் கணனியின் நிர்வாகக் கணக்கால், ஆகவே ஆறிலும் அந்தக் கடவுச்சொல் பிள்ளைகளுக்குத் தெரியாததாக இருக்கவேண்டும். நாளைக்கு நிலையத்துக்கு ரவுட்டர் ஒன்று வந்தாலும் அந்த 9090 வாசலை வெளியே இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.